கோட்டின் மேல் ஒரு கூடாரம்

என் தம்பி ஃபய்யாத் 1952 நவம்பர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணியளவில் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிடிபட்டான். கூடவே கழுதையும் பிடிபட்டது. கழுதை மேல் இரண்டு கூடை ஆரஞ்சு இருந்தது. பழுக்கக்கூட இல்லை.

மரங்கள் எங்கள் அப்பா வைத்தவை. 1948 சண்டை முடிந்து இரு நாட்டுக்கும் நடுவே கோடு போட்டபோது வீடுகள் ஜோர்டான் பக்கமும் தோட்டம் இஸ்ரேல் பக்கமும் போய்விட்டன. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஒவ்வொரு மரமும் தெரியும். எது காய்த்திருக்கிறது, எதற்குத் தண்ணீர் போதவில்லை என்று அம்மா அங்கிருந்தே சொல்லுவாள். ஃபய்யாத் மாடியில் நிற்பதோடு திருப்தி அடைகிறவன் இல்லை.

அந்த வருஷம் எங்கள் ஊரில் மூன்று பேர் கோட்டைத் தாண்டிச் செத்தார்கள். இரண்டு பேர் பழம் பறிக்கப் போனவர்கள், ஒருவன் துப்பாக்கியோடு போனவன். சுட்டவர்கள் வித்தியாசம் பார்க்கவில்லை. ஏப்ரலில் அந்தப் பக்கத்துக் கூட்டுப் பண்ணையின் காவற்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அதற்குப் பதிலாக எங்களுக்கு அடுத்த ஊரில் ஒரு வீட்டை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது சுட்டவனுடைய வீடு இல்லை. ஆகையால் ஃபய்யாத் உயிரோடு பிடிபட்டான் என்று கேள்விப்பட்டதும் அம்மா அண்டை வீடுகளுக்கு இனிப்புக் கொடுத்தாள்.

நான் துல்கரம் நீதிமன்ற வாசலில் மனு எழுதுகிறவன். அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தேன், ஆங்கிலமும் உண்டு. எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் எடுத்து எண் போடுவேன். தம்பிக்காக எழுதியவை 411, 412, 413. முதலாவது எங்கள் பகுதி ராணுவ அதிகாரி கேப்டன் ஸாயெலுக்கு, இரண்டாவது ஐ.நா. பார்வையாளருக்கு, மூன்றாவது செஞ்சிலுவைக்கு. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நவம்பர் 13, வியாழக்கிழமை, காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை இரு தரப்பு அதிகாரிகளும் கோட்டின் மேல் சந்திப்பார்கள். பேச வேண்டியவை மூன்று: வழி தவறும் ஆடுகள்; ஃபய்யாதும் கழுதையும்; காணாமல் போன தண்ணீர்ப் பம்பு.

அன்று கையெழுத்தாகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஃபய்யாதை ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். “ரெண்டு வருஷம் போடுவாங்க. கழுதைய ஏலம் விட்டுருவாங்க” என்றார் கேப்டன். பேசுவதைக் குறித்துக்கொள்ள என்னையே உடன் வரச் சொன்னார். ராணுவத்தில் என் அளவுக்குத் தெளிவாக எழுதுகிறவர் யாரும் இல்லை என்பது ஒரு காரணம். ராணுவத்து எழுத்தருக்கு அன்று காய்ச்சல் என்பது இன்னொரு காரணம்.

மூன்றாவது விஷயத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பம்பும் அப்பாவுடையதுதான். 1944இல் ஹைஃபாவில் வாங்கித் தோட்டத்துக் கிணற்றில் பொருத்தினார். சண்டைக்குப் பிறகு பண்ணைக்காரர்கள் அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மார்ச் மாதம் ஃபய்யாத் இரண்டு கோவேறு கழுதைகளோடு போய் அதைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் ஊர்ப் பொதுக் கிணற்றில் மாட்டினான். பதினொரு குடும்பங்கள் அதில் கத்தரியும் தக்காளியும் போட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேப்டனுக்குத் தெரியாது. என் கடிதங்கள் மூன்றிலும் பம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வியாழக்கிழமை வந்தது. கூடாரத்தை அமைத்தவர் ஐ.நா. பார்வையாளர், மேஜர் லௌரிட்ஸ் என்ற டென்மார்க்குக்காரர். வரைபடத்தை விரித்து, நாடா பிடித்து அளந்து, நடுக்கம்பம் சரியாகக் கோட்டின் மேல் நிற்கும்படி அடித்திருந்தார். மேஜையிலும் பாதி அங்கே, பாதி இங்கே. அவர் நடுவில் உட்கார்ந்தார், ஒரு கால் ஒரு நாட்டிலும் மறு கால் மறு நாட்டிலுமாக.

எதிர்ப்பக்கம் இரண்டு பேர். அதிகாரியின் பெயர் எர்வின் லாண்டாவ். ஜெர்மனியில் பிறந்தவர், ஒல்லி, கண்ணாடி போட்டவர், பென்சில்களை நீளவாரியாக அடுக்கி வைத்தார். அவருடைய எழுத்தர் நயீம் ஷஷா. பாக்தாத்தில் பிறந்து வளர்ந்த யூதன், அங்கிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. என் தாளை எட்டிப் பார்த்தான்.

“எறும்புக்கா எழுதறே? இவ்வளவு பொடியா இருக்கு.”

“தாள் விலை தெரியுமா உனக்கு?”

“எங்களுக்கு இனாமாத் தர்றாங்க. ஆனா பேனா கிடையாது.”

பத்து பன்னிரண்டுக்குக் காப்பி வந்தது. கொண்டுவந்தவர் கேப்டனுடைய ஆள், அபூ தாயிஸ் என்ற கிழட்டு சார்ஜென்ட். இடது கையில் கூஜா, வலது கையில் கைப்பிடி இல்லாத சின்னக் குவளைகள். ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பி, ஒரு குவளைக்கு மூன்று மடக்கு. முதலில் மேஜருக்கு, பிறகு லாண்டாவுக்கு, பிறகு கேப்டனுக்கு ஊற்றினார்.

லாண்டாவ் குவளையை வாங்கினார். முகர்ந்தார். பிறகு குடிக்காமல் மேஜையின் மேல், தனக்கு நேராக, மிகுந்த மரியாதையோடு வைத்தார். கைகளை மடியில் கட்டிக்கொண்டார்.

கேப்டன் ஸாயெலின் குவளை உதட்டருகே போய் நின்றது. அவரும் அதைக் கீழே வைத்தார்.

அரபுக்காரர்களான எங்களில் ஒருவருக்குப் பெரிய கோரிக்கை இருந்தால் விருந்துக்குப் போன இடத்தில் காப்பியைத் தொடமாட்டார். வீட்டுக்காரர் கவனித்து, “குடிங்க, நீங்க வந்த காரியம் முடிஞ்ச மாதிரிதான்” என்று சொல்ல வேண்டும். என்ன காரியம் என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது.

கேப்டன் என் காதருகே குனிந்தார். “வாத்தியாரே, பாத்தியா?”

“பாத்தேன் ஐயா.”

“என்ன கேக்கப் போறான் இவன்?”

“பம்பா இருக்கும் ஐயா. மூணாவது விஷயம்.”

“பம்புக்கு எவனாவது காப்பியக் கீழ வைப்பானா? பொண்ணு கேக்கப் போனா வைப்பாங்க. கொலைச் சமாதானம்னா வைப்பாங்க. இங்க பொண்ணு யாரும் இல்ல.” அவர் நெற்றி வியர்த்தது. “ஏப்ரல்ல செத்தானே காவக்காரன், அதுக்குத்தான். சுட்டவன் பேரக் கேக்கப் போறான். நான் ‘குடிங்க’ன்னு வாயத் திறந்தேன்னா பேரக் குடுத்தாகணும்.”

“உங்களுக்குப் பேர் தெரியுமா ஐயா?”

“தெரியாது. தெரிஞ்சாத்தான் சொல்லாம இருந்துடலாமே. தெரியாத பேர எங்கேர்ந்து குடுக்கிறது?”

மேஜர் தன் குவளையைக் குடித்து முடித்துவிட்டு, “ஆடுகளில் ஆரம்பிக்கலாமா?” என்றார்.

“காப்பிக்குப் பிறகு” என்றார் லாண்டாவ்.

“காப்பிக்குப் பிறகு” என்றார் கேப்டன்.

இரு தரப்பும் முதன்முறையாக ஒரே கருத்தைச் சொல்லியதில் மேஜர் மகிழ்ந்து போனார். அதற்குள் அபூ தாயிஸ் அவர் குவளையை நிரப்பிவிட்டிருந்தார். போதும் என்றால் காலிக் குவளையை இரண்டு ஆட்டு ஆட்டித் தர வேண்டும். மேஜருக்கு அது தெரியாது. ஆட்டாத குவளையை நிரப்பாமல் விடுவது விருந்தாளியை எழுந்து போகச் சொல்வதற்குச் சமம். அபூ தாயிஸ் முப்பது வருஷமாகக் காப்பி ஊற்றுகிறவர், அப்படி ஒரு காரியம் செய்யமாட்டார். நிரப்பிய குவளையைக் குடிக்காமல் விடுவது டென்மார்க்கில் மரியாதை இல்லை போலிருக்கிறது. ஊற்ற ஊற்ற மேஜர் குடித்தார்.

நடந்ததை நடந்தபடி குறிப்பது என் வேலை. குறித்தேன். 10.15, மேஜர், இரண்டாவது குவளை. 10.21, மூன்றாவது. 10.40, லாண்டாவ் கேப்டனைப் பார்த்தார். 10.41, கேப்டன் கூடாரத் துணியைப் பார்த்தார். 10.44, மேஜர், ஆறாவது குவளை. 11.05, வெளியே ஒரு ஆடு கத்தியது. எந்தப் பக்கத்து ஆடு என்று தெரியவில்லை.

பதினொன்றேகாலுக்கு மறுபடி மணி பார்த்தேன். ஃபய்யாத் எங்கோ ஒரு கொட்டடியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய இரண்டு வருஷம் இரண்டு குவளைகளில் ஆறிக்கொண்டிருக்கிறது. பேசினால் பத்து நிமிஷ வேலை. பேசத்தான் ஆள் இல்லை.

பதினொன்றரைக்கு எழுத்தர்கள் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் நேரம். நானும் நயீமும் கூடாரத்துக்கு வெளியே வந்தோம். அவன் சிகரெட்டை எடுத்தான். எனக்கும் ஒன்று தந்தான்.

“படி” என்றான்.

படித்தேன்.

“எனக்கு ஆடு கத்தினது கேக்கல” என்றான். “சரி, சேத்துக்கிறேன். ஏம்பா, உங்க கேப்டன் ஏன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு?”

“உங்காளு குடிக்கலையே. என்னத்தக் கேக்கப் போறாரோன்னு உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்காரு.”

நயீம் நெற்றியில் அடித்துக்கொண்டான். “ஐயோ, அந்த நோட்டு! போன மாசம் இவங்களுக்கு ஒரு வகுப்பு வச்சாங்க. அரபுப் பழக்கவழக்கம்னு மூணு நாள். எங்காளு ஒரு வரி விடாம எழுதிட்டு வந்திருக்காரு. ‘விருந்தினர் தன் கோரிக்கை நிறைவேறும் வரை காப்பி அருந்தமாட்டார்.’ அடியில ரெண்டு கோடு போட்டு வச்சிருக்காரு.”

“என்ன கோரிக்கை?”

“பம்பு.”

“வெறும் பம்பா?”

“வெறும் பம்புதாம்பா! நானும் சொன்னேன். ஐயா, எங்க பாக்தாத்லயும் இந்தப் பழக்கம் உண்டு, இது கல்யாணத்துக்கும் கொலைக்கும் உள்ளது, பம்புக்கு இல்லேன்னேன். பம்புக்கு விதிவிலக்குன்னு வகுப்புல சொல்லலையேங்கிறாரு. ஜெர்மன்காரன்கிட்ட யாரு பேசறது? உங்க கேப்டன ‘குடிங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லேன்.”

“சொல்லமாட்டாரு. வெறும் பம்புன்னு நான் சொன்னாலும் நம்பமாட்டாரு. அதோட, அவரும் குவளையக் கீழ வச்சுட்டாரே. இப்ப அவருக்கும் யாராவது சொல்லணும்.”

“காப்பி அவரோடதுதானே? அவருதானே வீட்டுக்காரரு?”

“காப்பிதான் அவரோடது. கூடாரம் அவரோடது இல்லையே.”

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். மேஜர் லௌரிட்ஸ் கூடாரத்தைச் சுற்றி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு சுற்றில் இரண்டு முறை கோட்டைத் தாண்டினார். பதினான்கு குவளை ஆகியிருந்தது.

நிறுத்தி விஷயத்தைச் சொன்னோம். ஆங்கிலத்தில் நான் சொல்ல, விட்ட இடத்தை நயீம் நிரப்பினான். மேஜர் இமைக்காமல் கேட்டார். காப்பியினால் அவரால் இமைக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

“அப்படியானால் நான் வீட்டுக்காரன். நான் தருவதாகச் சொல்ல வேண்டும்” என்றார். “எதைத் தருவதாக?”

“அதக் கேக்கக் கூடாதுங்க.”

“என்னிடம் இருப்பதையா, இல்லாததையா?”

“இல்லாததத்தாங்க.”

“அதற்கு எனக்கு முழு அதிகாரம் உண்டு” என்றார் மேஜர்.

அரபியில் அந்த வாக்கியத்தை ஐந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். 11.50க்கு உள்ளே போய், மார்பில் கை வைத்து, இரு பக்கமும் திரும்பிச் சொன்னார்: “குடிங்க. நீங்க வந்த காரியம் முடிஞ்ச மாதிரிதான்.”

லாண்டாவின் முகம் மலர்ந்தது. நோட்டில் இருந்தது அப்படியே நடந்ததைப் பார்த்த மலர்ச்சி. கேப்டனும் பெருமூச்சு விட்டார். கேட்கப்போவது எதுவானாலும் இனி டென்மார்க்குக்காரர் பாடு. இருந்தாலும் யார் முதலில் குடிப்பது என்று மறுபடி தயங்கினார்கள். நயீம் மேஜை ஓரத்தில் விரல் விட்டு எண்ணினான். மூன்று என்றதும் இருவரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆறிய காப்பி. கேப்டன் முகத்தைச் சுளித்துக் குவளையை ஆட்டினார்; அபூ தாயிஸ் மறுபடி ஊற்றாமல் அதை வாங்கிக்கொண்டார்.

“அதுதானா?” என்றார் மேஜர். அவர் தன் குவளையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

அதன் பிறகு ஆடுகள் நான்கு நிமிஷத்தில் முடிந்தன. இரண்டாவது விஷயத்தையும் மூன்றாவதையும் லாண்டாவ் சேர்த்தே வைத்தார். பம்பு வந்தால் ஆளும் கழுதையும் வருவார்கள். பம்பின் மேல் வார்த்திருந்த எண்ணைப் படித்தார். எனக்கு அந்த எண் மனப்பாடம். அப்பாவின் ரசீது எங்கள் வீட்டு அலமாரியில், குர்ஆனுக்குக் கீழே, துணியில் சுற்றி இருக்கிறது.

கேப்டன் என் பக்கம் சாய்ந்தார். “வாத்தியாரே, இப்படி ஒண்ணு உங்க ஊர்ல இருக்கா?”

“இருக்கு ஐயா.”

“யாரோடது?”

மணி 12.20. எங்களுடையது என்று சொன்னால் கேப்டன் எழுந்து நிற்பார். திருடியது நீங்கள் என்பார். லாண்டாவ் எழுந்து நிற்பார். ரசீது வரும், தோட்டம் வரும், கோடு வரும், நாற்பத்தெட்டு வரும். ஒரு மணிக்கு மேஜர் கூடாரத்தைப் பிரித்துவிடுவார். எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். ஃபய்யாதுக்கு இரண்டு வருஷம்.

“ஊர்க் கிணத்துல இருக்கு ஐயா” என்றேன்.

அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கேப்டன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “கொடுத்துடலாம்” என்றார். ஒப்படைக்க வேண்டிய பட்டியலை நானே எழுதினேன். “பம்பு, ஒன்று.”

குறிப்பில் இன்னொரு சிக்கல் இருந்தது. 10.12 முதல் 11.50 வரை என்ன எழுதுவது? அப்படியே எழுதினால் எங்கள் தலைமையகம், எதிரியின் எந்தக் கோரிக்கையை டென்மார்க்குக்காரர் நிறைவேற்றினார் என்று விளக்கம் கேட்கும். அவர்கள் தலைமையகமும் அதையே கேட்கும். விளக்கம் போய்ச் சேருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். நயீம் யோசித்து ஒரு வாக்கியம் சொன்னான். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு அதை எழுதினேன்: “இரு தரப்பினரும் நல்லெண்ணத்துடன் கருத்துகளைப் பரிமாறிக்கொண்டனர்.” மூவரும் கையெழுத்திட்டார்கள். மேஜரின் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை.

ஒப்படைப்பு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. எங்கள் தொழுகைக்கும் முன்னால், அவர்கள் ஓய்வுநாளுக்கும் முன்னால். விடிந்ததும் பம்பைக் கழற்றினோம். பதினொரு குடும்பமும் கிணற்றைச் சுற்றி நின்றது. பக்கத்து வீட்டு உம் ஜாஸி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு ஃபய்யாதுக்கு இத்தனை கத்தரிச் செடியா? வேற பேரமே படியலையா உனக்கு?”

“அத்தை, அவன் ஜெயிலுக்குப் போயிருப்பான்.”

“போனா என்ன, ஜெயில்ல தண்ணி குடுக்கமாட்டானா? எங்களுக்கு யாரு குடுப்பா?” என்றாள். பிறகு, “வந்தா சாப்பிட வரச் சொல்லு அந்தக் கடங்காரன” என்றாள்.

கோட்டருகே வண்டியில் பம்பு அந்தப் பக்கம் போயிற்று. ஃபய்யாத் கழுதையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். வண்டி எதிர்ப்பட்டபோது நின்று பார்த்தான். லாண்டாவ் எண்ணைச் சரிபார்த்து ரசீது கொடுத்தார். நயீம் எனக்குக் கையசைத்தான்.

ஊருக்குப் போகும் வழியில்தான் ஃபய்யாத் வாயைத் திறந்தான்.

“அது அப்பாவோடதுன்னு சொன்னியா அண்ணே?”

“எங்கடா நேரம் இருந்துச்சு?”

“கேட்டாங்களா, இல்லையா?”

“கேட்டாங்க.”

“என்ன சொன்னே?”

“கிணத்துல இருக்குன்னு சொன்னேன்.”

அவன் வீட்டுக்கு வராமல் நேராகக் கிணற்றடிக்குப் போனான். பம்பு நின்ற மேடையில் எண்ணெய்க் கறை இருந்தது. ஓரத்தில் பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகள் நான்கும் கிடந்தன.

“இத ஏன் விட்டுட்டே?”

“பட்டியல்ல இல்ல.”

நான்கையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அம்மா அழுது முடித்துச் சோறு போட்டாள். மூன்று தட்டு சாப்பிட்டான்.

அடுத்த புதன்கிழமை மேஜர் மூலமாக லாண்டாவின் கடிதம் வந்தது. பம்பு பெற்றுக்கொள்ளப்பட்டது, போல்ட்டு நான்கு குறைகிறது, பழைய ஆங்கிலேய அளவு என்பதால் கடையில் கிடைக்கவில்லை, தாங்கள் தயவுசெய்து அனுப்பி உதவ வேண்டும். கடிதத்தோடு வீட்டுக்கு வந்தேன். ஃபய்யாத் கழுதைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தான்.

“எங்கடா கிளம்பிட்டே?”

“சும்மா. மரத்தப் பாத்துட்டு வரலாம்னு.”

“மாடியிலேர்ந்து பாரு.”

“பம்பயும் பாக்கணும். போல்ட்டு இல்லாம எப்படி நிக்க வச்சிருக்கானுங்களோ. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சா ஈசியாத் தூக்கிறலாம்.”

நான் சேணத்தின் மேல் கை வைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை கூடாரமும் கிடைக்காது, கொட்டடியும் கிடைக்காது. சுடுகிறவர்கள் வித்தியாசம் பார்க்கமாட்டார்கள். அதை அவனிடம் சொன்னேன். தனக்கும் தெரியும் என்றான்.

“அந்தப் போல்ட்ட எடு” என்றேன். “நான் அனுப்பிச்சுடறேன். அது அவங்க கிணத்துல முறுக்கி நிக்கட்டும். நீ போகாதே.”

நெடுநேரம் கழுதையின் காதைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே வந்து, நான் எழுதுகிற மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தான். மூன்று வைத்தான்.

“நாலாவது?”

“அது எங்கிட்டயே இருக்கட்டும்.”

“நாலு கேட்டிருக்கான்டா.”

“மூணுல ஓடும். கொஞ்சம் ஆடும்.”

“ஆடினா?”

“ஆடட்டும். ஒண்ணு எங்கிட்ட இருந்தா நான் போகமாட்டேன்.”

“நிச்சயமா?”

“எழுதித் தரவா? எழுதறது உன் வேலை.”

அவன் வெளியே போய்ச் சேணத்தை அவிழ்க்கும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தேன். பிறகு தாளை எடுத்தேன். மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. தேடிப் பார்த்ததில் கிடைத்த போல்ட்டுகள் இத்துடன் அனுப்பப்படுகின்றன. எண்ணிக்கை: மூன்று.

நகல் எடுத்து, 418 என்று எண் போட்டேன்.